சர்க்கரைத் தண்ணீரில் நாலு முட்டை

விலாங்கு வேகவைக்கும் தண்ணீரில் வினிகர் ஊற்றுவது எதற்காக? பாங் போயுவான் என் அக்காவிடம் பேசிய முதல் பேச்சே இதுதான். அக்கா அப்போது வினிகர் ஊற்றிய தண்ணீரில் விலாங்கைக் கொட்டிவிட்டு, அது துள்ளி வெளியே விழாமல் இருக்கப் பானை மூடியை முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"தோல்ல இருக்கற வழவழப்பு போறதுக்கும்மா" என்றான். "வாயும் தானாத் திறந்துக்கும்."

"அப்படியா" என்றாள் அக்கா.

அவன் சொன்னது சரி. கேடு அதுதான். அந்த ஆள் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும். தப்பாகப் பேசுகிறவனையாவது ஒரு நாள் மடக்கலாம் என்று காத்திருக்கலாம். சரியாகப் பேசியே உயிரை வாங்குகிறவனை என்ன செய்வது?

அக்கா பெயர் லான்ஜென். ஹுவாய்ஆனில், தெற்கே ஹாங்ஜோ வரை ஓடும் பெருங்கால்வாயின் கரையில் பதினைந்து வருடமாக விலாங்கு நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். புருஷன் ஷென்ஜெனுக்கு வேலைக்குப் போய், அங்கே ஒருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டு, விவாகரத்துப் பத்திரத்தைக் கூரியரில் அனுப்பிவைத்தான். நான் இரவு வேலை பார்க்கும் பார்சல் கிடங்கு வழியாகத்தான் அந்தக் கவரும் வந்திருக்கும். நானே எடுத்துச் சரியான கூடையில் போட்டிருக்கவும் கூடும்.

பாங் ஹாங்ஜோக்காரன். அங்கே ஏதோ உணவு ரசிகர் சங்கத்துக்குத் துணைத்தலைவர். ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி, ஊர் ஊராகப் போய், சாப்பிட்டுவிட்டு குறை சொல்லும் சங்கம். எல்லோரும் அவனை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவன் பாடம் நடத்தியதில்லை. அந்த வசந்தத்தில் மூன்று முறை கடைக்கு வந்தான். மூன்றாம் முறை வந்தபோது, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றான். ஹாங்ஜோவில் நண்பன் ஒருவனின் பழைய முற்றத்து வீட்டில் உணவகம் திறக்கப் போகிறானாம். கால்வாய் ஓடும் ஊர்களின் பலகாரமெல்லாம் ஒரே மேஜையில் கிடைக்குமாம். சமையலறை அக்காவுடையது. பேச்சு அவனுடையது.

அக்காவுக்கு ஆசை இருந்தது. நாற்பத்து நான்கு வயதில் ஒருவன் வந்து, நீ சமைப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் யாருக்கும் ஆசை வரும்.

கடையை விடுகிறாளா, வைத்துக்கொள்கிறாளா என்று வீட்டுக்காரர் ஷ்யூவுக்குத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். பக்கத்தில் பால் டீ விற்கிற ஒருவன் அந்த இடத்துக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். விட்டால் விட்டதுதான், கால்வாய்க் கரையில் இன்னொரு கடை கிடைக்காது. எனக்கும் இதில் சொந்தக் கவலை உண்டு. கடைக்கு மேல் இருக்கும் அறையில்தான் நான் பகலில் தூங்குகிறேன். காலையில் கிடங்கிலிருந்து வந்தால் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சும்மா கிடைக்கும். இந்தக் கல்யாணம் எனக்குப் பிடிக்காமல் போனதில் அந்தக் கிண்ணத்துக்கும் பங்கு உண்டு. நல்ல தம்பி வேஷம் எனக்குப் பொருந்தாது.

முடிவு எடுப்பதற்கு முன் ஷாவ்ஷிங்கில் இருக்கும் தன் அம்மாவைப் பார்த்துவிடலாம் என்றான் பாங். வழியில் கால்வாயோடு இறங்கி ஒவ்வொரு ஊரிலும் சாப்பிட்டுக்கொண்டே போகலாம். வேளைக்கு வேளை அவன் மது குடிப்பான் என்பதால் அவன் காரை ஓட்ட ஒரு ஆள் தேவை. அந்த ஆள் நான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம்.

யாங்ஜோவில் காலைத் தேநீர். யாங்ஜோக்காரர்களுக்கு ஒரு காலத்தில் உப்பு வியாபாரத்தில் காசு கொழித்தது. காசு போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உட்கார்ந்த இடத்தில் மதியம் வரை தின்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் நின்று, தின்கிறவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாங்குக்கு அதெல்லாம் இல்லை, முதலாளியைத் தெரியுமாம். மாடியில் ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள்.

கெட்டி டோஃபுவை நூல்நூலாக நறுக்கி, வெந்நீரில் மூன்று தரம் அலசி, கோபுரம் போலக் குவித்து, மேலே இஞ்சி போட்டுக் கொண்டுவந்தாள் பரிமாறும் பெண். பாங் தட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"இஞ்சி இன்னும் மெல்லிசா இருக்கணுமேம்மா."

"ஊசியில கோக்கப் போறீங்களா வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். அவளை எனக்குப் பிடித்தது.

பாங் கோபப்படவில்லை. அக்கா பக்கம் திரும்பினான். "கண்ணை மூடிக்கோ. வாயில வெச்சதும் முதல்ல என்ன தோணுதுன்னு சொல்லு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். சுற்றிலும் யாங்ஜோ மொத்தமும் கத்திக்கொண்டிருந்தது.

"டோஃபு மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், ஆனால் வேறு விதமாக. போனை எடுத்துத் தன் சங்கத்துக் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான்: "ஹுவாய்ஆன் நாக்கு. வாசனையைத் தேடல, பதத்தைத்தான் தேடுது. நான் சொன்னேன்ல." பதிலுக்கு ஏழெட்டு கிழவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள்.

"யார்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"உன் நாக்கைப் பத்திப் பெருமையாச் சொன்னேன்."

அக்கா காது சிவக்க டோஃபுவைச் சாப்பிட்டாள். அவளுக்கு அது பெருமையாகத்தான் பட்டது.

அன்று மாலை வூஷி. வூஷியில் எதைத் தின்றாலும் சர்க்கரை. கறியில் சர்க்கரை, மீனில் சர்க்கரை. கொழுக்கட்டையைக் கடித்தால் உள்ளே வழியும் சாற்றிலும் சர்க்கரை. அங்கே ஒருவன் அழுதால் கண்ணீரை நக்கிப் பார்க்கலாம். பன்றி விலா எலும்பு வந்தது. செக்கச்செவேலென்று, பாகில் தோய்ந்து.

"இது கறியா, மிட்டாயா?" என்றாள் அக்கா.

கடைக்காரன் காதில் விழுந்துவிட்டது. "எந்த ஊரு?"

"ஹுவாய்ஆன்."

"ஓ, பெரிய ஆத்துக்கு வடக்கேயா." அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்பது போல அவன் மேஜையைத் துடைத்தான். "அங்கேருந்து வர்றவங்களுக்கு இது ஏறாது."

தெற்கத்திக்காரர்கள் எங்களைப் பேசும் விதம் இது. நாங்களும் எங்களுக்கு வடக்கே இருப்பவனை இப்படித்தான் பேசுவோம். கால்வாய் நெடுக ஒவ்வொரு ஊரும் தனக்கு மேலே இருக்கும் ஊரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பாங் கடைக்காரனோடு சேர்ந்து தலையை ஆட்டினான்.

"நாக்கு வடக்கத்தி நாக்குதான். பழக்கிடலாம்" என்றான்.

"நாய்க்குட்டியையா வாத்தியாரே பழக்கறீங்க?" என்றேன்.

மேஜைக்கு அடியில் அக்கா என் முழங்காலில் உதைத்தாள். பிறகு இன்னொரு எலும்பை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க, முகம் சுளிக்காமல் தின்று முடித்தாள். அவள் இப்படிச் சிரமப்பட்டு யாருக்காகவும் எதையும் தின்று நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சூஜோ. சூஜோக்காரர்கள் மெதுவாகப் பேசுவார்கள். திட்டினாலும் தாலாட்டு மாதிரி இருக்கும். அதனாலேயே அவர்களை நம்பக் கூடாது என்பது என் கருத்து. அது ஜூன் மாதத் தொடக்கம். ஆற்று இறால் முட்டை சுமக்கும் பருவம். இறாலின் சதை, முட்டை, தலைக்குள் இருக்கும் சிவப்புக் கொழுப்பு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, வதக்கி, உலர் நூடுல்ஸ் மேல் கொட்டித் தருகிறார்கள். கடை வாசலில் நான்கைந்து பெண்கள் தலை குனிந்து இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கிளறி ஒரு வாய் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாங் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான், அவள் கேட்கவில்லை. கிண்ணம் காலியாகும் வரை நிமிரவே இல்லை.

"டேய்" என்றாள் என்னிடம், "பதினஞ்சு வருஷமா என் கை விலாங்கைத் தவிர நான் எதையும் ருசி பார்த்ததே இல்லடா. இப்படியெல்லாம் இருக்குதா?"

நான் சாப்பிடுவது கிடங்கு வாசலில் விற்கும் குளிர்ந்த பன். அது கொஞ்சம் சூடாக இருந்தாலே போதும் என்று நினைக்கிறவன். அவள் முகம் அந்த நேரம் சின்னப் பெண்ணுடையது போல இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

அப்போது ஷ்யூ போனில் கூப்பிட்டார். அவர் செவிடு என்பதால் உலகமே செவிடு என்று நினைத்துக் கத்துவார். "லான்ஜென்! திங்கட்கிழமைன்னு சொன்னேன்ல? பால் டீக்காரன் வாசல்லயே நிக்கறான்!"

"அனேகமா விட்டுருவேன் மாமா" என்றாள் அக்கா. "நாளைக்கு ஒரு பெரியவங்களைப் பார்க்கறேன். பார்த்துட்டு முடிவாச் சொல்றேன்."

பாங் அதைக் கேட்டுவிட்டு மதுக் கிண்ணத்தை உயர்த்தினான். நான் இறாலைப் பிரிக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்கு வேறு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

ஞாயிறு மதியம் ஷாவ்ஷிங். ஊர் எல்லையிலேயே நாற்றம் தொடங்கிவிடும். அழுகுவதற்கு முன் எதையும் தின்பதில்லை என்று சபதம் எடுத்த ஊர் அது. டோஃபுவை அழுகவைப்பார்கள், கீரைத் தண்டை அழுகவைப்பார்கள், அழுகிய தண்டின் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்து, அதில் வேறு எதையாவது அழுகவைப்பார்கள். பாங்கின் அம்மா வீடு ஒரு குறுகிய கால்வாய்மேல் முதுகு சாய்த்து நின்றது. கிழவி எண்பதை நெருங்கியவள். குச்சி போல இருந்தாள். அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விலாங்கு நாற்றம் எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத கை.

"உழைக்கிற கை" என்றாள். அவ்வளவுதான். ஆனால் கையை உடனே விடவில்லை. அக்கா கண் கலங்கியதை நான் கவனித்தேன்.

பாங் அதற்குள் முற்றத்திலிருந்த ஜாடியின் மூடியைத் தூக்கி எங்களுக்குக் காட்டி, கீரைத் தண்டு எந்தப் பருவத்தில் வெட்டினால் உள்ளே கூழாகும் என்று தொடங்கிவிட்டான்.

"மூடியை மூடு. ஈ விழும்" என்றாள் கிழவி.

அவள் சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். சர்க்கரைத் தண்ணீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை, நான்கு. வெள்ளைக் கருவுக்குள் மஞ்சள் இளகித் தெரிந்தது. அக்காவுக்கு மட்டும்தான். எனக்கும் மகனுக்கும் வெறும் தேநீர்.

எங்கள் பக்கத்திலும் இது உண்டு. புதிதாக வருகிறவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் முட்டை கொடுப்பார்கள். பாதி சாப்பிட்டுவிட்டுப் பாதி வைக்க வேண்டும். முழுவதும் தின்றால், வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெட்கமில்லாமல் வழித்துத் தின்றாள் என்று பெயர் வந்துவிடும். அக்கா ஒழுங்காக வளர்ந்தவள். இரண்டு முட்டையை மெதுவாகச் சாப்பிட்டாள். இரண்டை வைத்துவிட்டு, கரண்டியைப் பக்கத்தில் வைத்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் கிழவி பக்கம் நகர்த்தினாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை. போதும்."

கிழவியின் முகம் சுருங்கியது. கிண்ணத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"பிடிக்கலேன்னா வந்ததும் சொல்லியிருக்கலாமே" என்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "என்ன ஆச்சு? நான் என்ன செஞ்சேன்?"

பாங் தொடையில் தட்டிச் சிரித்தான். சங்கத்துக் குழுவுக்குச் சொல்ல, போன் ஏற்கெனவே வாயருகே இருந்தது. "ரெண்டு மிச்சம்! சொன்னேன் பாரு, ரெண்டு மிச்சம் வைப்பான்னு. ஜியா, பந்தயத்துல நீ தோத்துட்டே." போனை வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னான்: "இங்க அப்படி இல்லம்மா. இங்க புதுசா வர்ற பொண்ணு நாலையும் சாப்பிடணும். மிச்சம் வெச்சா, சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம். ஒரே கால்வாய், ஒரே முட்டை, அந்தக் கரைக்கு மரியாதை இந்தக் கரைக்கு அவமானம். அருமையா இல்ல?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா? பத்து வருஷமா இதைப் பத்திப் பேசறேன்."

"உங்க அம்மாவுக்கு எங்க ஊர் வழக்கம் தெரியுமா?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாலத்தைத் தாண்டினதில்ல."

"கார்ல வரும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நடிப்பாயிடும்" என்றான் பொறுமையாக, ஏதோ குழந்தைக்குச் சொல்வது போல. "சொல்லாம விட்டாத்தான் அசல். நான் உள்ளே போய் அம்மாகிட்ட விளக்கிடறேன். ஒரு நிமிஷ வேலை."

"நீங்க உட்காருங்க" என்றாள் அக்கா.

அவள் சமையலறைக்குள் போனாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். கிழவி கிண்ணத்தை வைத்துக்கொண்டு அடுப்பின் முன் நின்றிருந்தாள். கொட்டவும் மனசில்லை, வைக்கவும் இடமில்லை. அக்கா அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். நின்றபடியே மூன்றாவது முட்டையைத் தின்றாள். நான்காவதைத் தின்றாள். கிண்ணத்தைத் தூக்கிச் சர்க்கரைத் தண்ணீரையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"எங்க ஊர்ல மிச்சம் வெச்சாத்தான் மரியாதை அத்தை. உங்க ஊர்ல தின்னாத்தான் மரியாதைன்னு இப்பத்தான் தெரியும். உங்க கைச் சமையல், மிச்சம் வெக்கக் கூடாது. தின்னுட்டேன்."

கிழவியின் முகம் மெல்ல இளகியது. "தெரியாமத்தானே செஞ்சே. பரவால்ல." மகன் பக்கம் கழுத்தை நீட்டினாள். "இவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல? நாள் பூரா திறந்துதானே கிடக்கு அந்த வாய்."

"அம்மா, இது ஒரு ஆராய்ச்சிம்மா..."

"ஆராய்ச்சியாம். பொம்பளைய நிக்க வெச்சு வேடிக்கை பார்க்கறதுக்குப் பேரு." கிழவி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அக்கா வெளியே வந்தாள். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். "வாத்தியாரே, நான் வரல."

"எங்க வரல?"

"ஹாங்ஜோவுக்கு. கல்யாணத்துக்கு. எதுக்கும்."

பாங் நிஜமாகவே திகைத்துவிட்டான். அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று நடந்ததை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். "ரெண்டு முட்டைக்காகவா?"

"நாலு. நாலையும் தின்னாச்சு."

"லான்ஜென், அதான் அம்மாவே சமாதானம் ஆயிட்டாங்களே. எல்லாம் சரியாப் போச்சு. கோவத்துல பேசாதே. அங்க சமையலறை கட்டி முடிச்சாச்சு. உன் விலாங்கு அந்த மேஜையில வந்தா..."

"அந்த மேஜையில நானும் வருவேன். வர்றவன் போறவன் எல்லாருக்கும் என்னை எடுத்து விளக்குவீங்க. எனக்கு வேண்டாம்."

நான் கார்ச் சாவியை அவன் தேநீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வழியில நான் குடிச்சிருக்கேனே, யாரு ஓட்டறது?" என்றான் என்னிடம்.

"உங்களுக்குத் தெரியாதது எதுவும் உண்டா வாத்தியாரே?" என்றேன். அதைச் சொல்ல மூன்று நாளாகக் காத்திருந்தேன். சொல்லி முடித்ததும் பெரிய சுகம் ஒன்றும் வரவில்லை.

கிழவி வாசல் வரை வந்தாள். அக்காவின் கையைத் திரும்ப ஒரு தரம் பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். பாதி வழியில் அக்கா பாலக் கைப்பிடியைப் பிடித்து நின்றாள், முகம் வெளுத்திருந்தது. அவ்வளவு சர்க்கரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. குனிந்து கால்வாயில் வாந்தி எடுத்தாள். கீழே படகு வலிப்பவன் ஒருவன் அண்ணாந்து பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"உனக்கு அந்த ஆளைப் பிடிச்சுதாடா?" என்றாள் வாயைக் கொப்பளித்துவிட்டு.

"இல்ல."

"சொல்லவே இல்லையே."

"நீ கேட்கல."

"நீயும் அவனும் ஒண்ணுதான்" என்றாள். யோசித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமும் இல்லை.

பஸ் கிளம்புவதற்கு முன் ஷ்யூவைக் கூப்பிட்டாள். அவர் கத்தியது எனக்கும், எங்களுக்குப் பின் வரிசைக்கும் கேட்டது.

"அனேகமா விட்டுருவேன்னு நீதானே சொன்னே! அவன் வந்து அளவெல்லாம் எடுத்துட்டான்!"

"அனேகமான்னுதான் மாமா சொன்னேன். விட்டுட்டேன்னு சொல்லல. திங்கட்கிழமை இன்னும் வரல."

ஷ்யூ பேரம் பேசினார். பால் டீக்காரனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவனை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அவன் இருக்கும் பழைய கடையிலேயே இருக்கட்டும், ஆனால் பால் பவுடர் மூட்டை, டம்ளர் பெட்டி எல்லாம் வைக்க இடம் கேட்கிறான். மாடி அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டால் கீழே கடை அக்காவுக்கே.

அக்கா என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

"சரி மாமா. கொடுத்துருங்க" என்றாள்.

போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஒண்ணாம் தேதிக்குள்ள வேற இடம் பாத்துக்கோ."

"ம்."

"நூடுல்ஸ் வந்து சாப்பிட்டுக்கலாம்."

"ம்."

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தது. அவள் மறுபடி போனை எடுத்து விலாங்குக்காரனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கடை உண்டு. சின்னதா, சுண்டுவிரல் தடிமன் பாத்துக் கொண்டா. போன வாரம் மாதிரி கிழட்டு விலாங்கா கொண்டு வந்தே, மூஞ்சியிலயே வீசுவேன்."

அவன் ஏதோ முணுமுணுத்தான். அக்கா விடாமல் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.